சைக்கிளையும் எடை மெஷினையும் பிரித்து வையுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு வயது 38, எடை 98 கிலோ, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. உடம்பைக் குறைக்க ஒரு சைக்கிள் வாங்கி, இரண்டு வாரம் ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் 10 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள். ராத்திரிச் சாப்பாட்டை அறவே நிறுத்தியிருக்கிறீர்கள். கடைசியில் ஏறி நின்று பார்த்தால் எடை அரைக் கிலோ கூடியிருந்தது. வெறுத்துப்போய் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து மூன்று மாதம் ஆகிறது. "அந்தப் பழைய ஊக்கத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? விலை கூடிய சைக்கிள் வாங்கினால் வருமா?" என்பது கேள்வி. முட்டி வலித்தது, உட்காரும் இடம் வலித்தது என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் உங்கள் ஊக்கத்தைக் கொன்றது அந்த அரைக் கிலோ.

10 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓட்டியிருக்கிறீர்கள். அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம். சமதளத்தில் இந்த வேகத்தில் மிதிக்கும்போது, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு ஆற்றலை உடம்பு செலவழிக்கிறது. உட்கார்ந்திருந்தாலும் எப்படியும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தால், 98 கிலோ உடம்புக்கு ஒரு ஓட்டத்தில் சுமார் 200 கலோரி மிச்சம் நிற்கும். பன்னிரண்டு நாளுக்கு 2,400. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், முந்நூறு கிராம் சொச்சம். அதுவும் சாப்பாட்டில் ஒரு வாய்கூடக் கூடாமல் இருந்தால்தான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி நின்றாலே எடை அந்த அளவுக்கு மாறிவிடும். உங்கள் உழைப்பு வீணாகவில்லை. அந்த மெஷினுக்குத் தெரிகிற அளவுக்கு அது இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

"என் வாட்ச் ஒரு ஓட்டத்துக்கு 450 கலோரி காட்டியதே" என்கிறீர்கள். காட்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவற்றில் பெரும்பாலானவை ஓரளவு சரியாகச் சொல்லின. கலோரிக் கணக்கில் மட்டும் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம் தவறியது. மனிதர்களும் கருவிக்குச் சளைத்தவர்கள் இல்லை. "நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடைதான் குறையமாட்டேன் என்கிறது" என்று சொன்னவர்களை 1992-ல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும் செய்த உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரிந்தது. பொய் சொல்லவேண்டும் என்று சொன்னவர்கள் இல்லை. நம் எல்லோருக்கும் கண் மதிப்பு இப்படித்தான் ஏமாற்றும். ஆக, வாட்ச் காட்டும் கலோரியை மறைத்து வைத்துவிடுங்கள். அதை நம்பி "இன்றைக்கு 450 போயிருக்கிறது" என்று நாலு பிஸ்கட் கூடச் சாப்பிட்டால், அந்தக் காலை ஓட்டத்தின் கணக்கு அங்கேயே நேராகிவிடும்.

சரி, குறையாததற்கு விளக்கம் கிடைத்தது. கூடியது ஏன்? புதிதாக உடற்பயிற்சி தொடங்கியதும் தசைகள் இரண்டு காரியம் செய்கின்றன. அடுத்த நாள் வேலைக்கு வேண்டும் என்று கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பைக் கூட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுபோக, பழக்கமில்லாத உழைப்பில் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தை ஆற்றவும் அந்த இடத்தில் நீர் கட்டும். தொடை கனத்து, படி இறங்கும்போது வலித்திருக்குமே, அதுதான். இரண்டும் சேர்ந்தால் ஒன்றிரண்டு கிலோ ஏறுவதுகூட அதிசயம் இல்லை. முந்நூறு கிராம் கொழுப்பு போனதை அந்தத் தண்ணீர் மறைத்துவிட்டது.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம். எடை குறைக்கச் சைக்கிள் ஓட்டாதீர்கள். எடையைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளட்டும். சைக்கிளைச் சைக்கிளுக்காக ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால், மெஷின் முள் அசையாத ஒவ்வொரு வாரமும் சைக்கிள் மேல்தான் கோபம் வரும். தன் கையில் இல்லாத ஒரு வேலைக்காக அது திட்டு வாங்கும், கடைசியில் சுவரோரம் போய் நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வருடம் கழித்தும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் எடைக் கதை பேசுகிறவர்களாக இருப்பதில்லை. "அந்த மேட்டை இறங்காமல் ஏறிவிட்டேன்" என்று பேசுகிறவர்கள்தான் நீடிக்கிறார்கள்.

சைக்கிளின் பலன் வேறு இடங்களில் தெரியும், அதுவும் சீக்கிரமே தெரியும். சில வாரங்களில் அதே தூரத்துக்கு மூச்சு வாங்குவது குறையும். மாடிப்படியில் பாதியில் நிற்பது நின்றுபோகும். பலருக்கு இரவுத் தூக்கம் கனமாக வருகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எடை அதிகம் இறங்குவதற்கு முன்பே கொஞ்சம் சீராகத் தொடங்கலாம். ஆகவே எழுதி வைப்பதாக இருந்தால் இவற்றை எழுதி வையுங்கள்: வழக்கமான பாதைக்கு எத்தனை நிமிடம் ஆனது, எங்கே இறங்கித் தள்ளினீர்கள், வீட்டுக்கு வந்தபின் எவ்வளவு நேரத்தில் மூச்சு சமநிலைக்கு வந்தது. இந்த மூன்றிலும் முதல் மாதத்திலேயே மாற்றம் தெரியும். எடையில் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

இப்போது வலிக்கு வருகிறேன். "ஊக்கம் போய்விட்டது" என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால், பாதிக்குப் பாதி உட்காரும் இடத்தில் வலி இருக்கும். காலையில் எழுந்ததும் உடம்புக்கு நேற்றைய வலிதான் முதலில் ஞாபகம் வருகிறது. அப்புறம் மனம் ஒரு சாக்கைத் தேடிக்கொள்கிறது. அதைச் சோம்பல் என்று பெயர் வைத்து நம்மையே திட்டிக்கொள்கிறோம். ஒரு ஸ்பேனரை எடுத்தால் தீரக்கூடிய பிரச்சினை அது.

சீட் உயரத்தைப் பாருங்கள். எடை கூடியவர்கள், கால் தரையில் முழுசாக ஊன்றினால்தான் பயமில்லை என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் முட்டி வலிக்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்பீர்கள் என்பதால், முட்டியில் தேவையான இலேசான மடிப்பு தானாக வந்துவிடும். இந்த உயரத்தில் நின்றால் கால் விரல்கள் மட்டும்தான் தரையைத் தொடும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு நாளில் வந்துவிடும். பொதுவாக, முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது அல்லது கியர் கனமாக இருக்கிறது. பின்பக்கம் வலித்தால் சீட் உயர்ந்திருக்கிறது. ஒரே நாளில் பெரிதாக ஏற்றாமல், அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக மாற்றுங்கள்.

கியரைப் பற்றி ஒரு வார்த்தை. கனமான கியரில் தம் கட்டி மெதுவாக மிதித்தால்தான் உடம்பு கரையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கரையாது, முட்டிதான் தேயும். இலேசான கியரைப் போட்டு வேகமாகச் சுற்றுங்கள். வலது முட்டி 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 15-லிருந்து 20 இருந்தால் போதும். நிமிடத்துக்கு 60-லிருந்து 80 சுற்று ஆகிறது. ஆரம்பத்தில் கால் காற்றில் சுற்றுகிற மாதிரி வேடிக்கையாக இருக்கும். பழகினபின் விடமாட்டீர்கள்.

உட்காரும் இடத்துக்கு வருவோம். தடிமனான, மெத்தென்ற ஜெல் உறை வாங்கிப் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கனமானவர் மெத்தையில் உட்கார்ந்தால் எலும்பு உள்ளே புதைந்து, நடுப்பகுதி மேலே எழும்பி, அழுத்தக்கூடாத இடத்தை அழுத்தும். உடம்பின் கனத்தைத் தாங்கவேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை வீட்டிலேயே அளக்கலாம். பார்சல் பெட்டியின் அட்டை, உள்ளே நெளிநெளியாக இருக்குமே, அதில் ஒரு துண்டை வெட்டிக் கெட்டியான ஸ்டூலின்மேல் போட்டு, மெல்லிய துணி உடுத்து உட்காருங்கள். குதிகால்களைத் தூக்கி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மறு பள்ளத்தின் நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்து, அதோடு இரண்டு சென்டிமீட்டர் கூட்டுங்கள். ஏறக்குறைய அந்த அகலத்தில், ரொம்ப மெத்தென்று இல்லாத சீட்தான் உங்களுக்கு ஏற்றது. எடைக்கும் இந்த அகலத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒல்லியானவருக்கு அகலமாகவும் பருமனானவருக்குக் குறுகலாகவும் இருப்பது உண்டு.

சீட்டின் மேல்பரப்பு தரைக்கு மட்டமாக இருக்கட்டும். முன்மூக்கு கீழே சரிந்திருந்தால் வழுக்கி வழுக்கிக் கைமேல் பாரம் விழும், விரல் மரத்துப்போகும். மேலே தூக்கியிருந்தால் வேறு இடம் மரத்துப்போகும். அதைக் கண்டிப்பாகப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று கொஞ்ச தூரம் போனால் இரத்த ஓட்டம் சீராகும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கினால் உள்ளே ஜட்டி போடக்கூடாது. அதன் தையல்தான் தோலை அறுக்கிறது. தொடை இடுக்கு உரசினால் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். இவ்வளவும் செய்தாலும் முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் அது குறைந்துகொண்டே வரும். கூடிக்கொண்டே போனால் எங்கேயோ அளவு தப்பு என்று அர்த்தம்.

ஊக்கம் என்ற விஷயத்துக்கு இனிமேல்தான் வரமுடியும். ஊக்கம் வந்தபின் கிளம்பலாம் என்று காத்திருந்தால் அது வராது. பெரும்பாலும் அது கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துத்தான் வருகிறது. உடம்பு சூடாகி, மூட்டு இளகி, மூச்சு ஒரு தாளத்துக்கு வந்தபின் "பரவாயில்லையே, நன்றாகத்தான் இருக்கிறது" என்று தோன்றும். ஆகவே ஏற்பாடு செய்யவேண்டியது அந்த முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும்தான்.

இதற்கு ஆராய்ச்சியில் நன்றாகத் தேறிய ஒரு உத்தி உண்டு. கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று படிக்கக் கொடுத்து ஊக்கமூட்டினார்கள். மூன்றாவது குழுவுக்கு அதோடு சேர்த்து, "அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன்" என்று ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். சும்மா விட்ட குழுவில் 38 சதவீதம் பேர் உடற்பயிற்சி செய்தார்கள். ஊக்கமூட்டிய குழுவில் 35. வாக்கியம் எழுதியவர்களில் 91 சதவீதம் பேர். ஊக்கப் பேச்சுக் காணொளிகளை மணிக்கணக்கில் பார்ப்பவர்களிடம் இந்த மூன்று எண்ணையும் சொல்லத் தோன்றும் எனக்கு.

நீங்களும் எழுதுங்கள். "செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரைக்கு, பல் துலக்கியதும், நேராகச் சைக்கிளை எடுத்துப் பெரிய ரோடு முனைவரை போய்த் திரும்புவேன்." நாள், நேரம், எதற்கு அடுத்து, எங்கே என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். தினமும் வேண்டாம். வாரம் மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாள் உடம்பு தேறட்டும், அடுத்த நாளுக்குக் கொஞ்சம் ஆசையும் மிச்சம் இருக்கட்டும்.

முந்தின ராத்திரி செய்யவேண்டியவை: டயரை விரலால் அமுக்கிப் பார்ப்பது, போட வேண்டிய துணியை நாற்காலியில் எடுத்து வைப்பது, பாட்டிலில் தண்ணீர் நிரப்புவது, பூட்டுச் சாவியைச் செருப்புக்குள் போடுவது. சாவி விஷயத்தைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். அரைத் தூக்கத்தில் ஒரு சாவியைத் தேடுகிற இரண்டு நிமிடத்தில்தான் எத்தனையோ பேர் திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். காலையில் உங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் இதுதான்: பத்து நிமிடம் போவேன். பத்தாவது நிமிடத்திலும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். பெரும்பாலான நாட்களில் திரும்பமாட்டீர்கள். காற்று அடிக்கிற நாளில் போகும்போது எதிர்காற்றாகவும் வரும்போது பின்காற்றாகவும் இருக்கிற மாதிரி திசையைத் தேர்ந்தெடுங்கள். களைத்து வரும்போது காற்று முதுகைத் தள்ளினால் மறுநாளும் போகத் தோன்றும்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேசமுடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அந்த அளவு போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிடம் மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. மூன்று நாள் 25 நிமிடத்தில் ஆரம்பித்தால், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மூன்று மாதத்தில் அந்த 150-ஐத் தொட்டுவிடலாம். அவசரப்படுகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் வலியோடு நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் தவறிப்போகும். மழை, காய்ச்சல், வேலை, கல்யாணம், ஏதாவது ஒன்று வரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரும் என்று கணக்கிட்டார்கள். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்வதை மறந்துவிடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்ற முடிவு. தொடர்ந்து இத்தனை நாள் என்று சங்கிலி போடும் செயலிகள் இதனால்தான் எனக்கு ஆகாது. சங்கிலி ஒரு நாள் அறுந்தால் ஆளே அறுந்துவிடுகிறார்.

சாப்பாடு. உங்கள் ராத்திரிப் பட்டினியைப் பற்றி முதலில் பேச வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45-ல் அன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். எடையில் ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. கூடவே சோர்வு, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை எல்லாம் வந்தன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். உங்கள் இரண்டு வாரத்தை அதோடு ஒப்பிடமுடியாது என்றாலும், திசை அதுதான். ராத்திரி வெறும் வயிறு, காலையில் 40 நிமிட மிதி, மதியம் அடங்காத பசி, சாயங்காலம் நொறுக்குத்தீனி. ஊக்கம் போனதாக நீங்கள் நினைத்ததில் ஒரு பங்கு வெறும் பசிக்களைப்பு. ராத்திரிச் சாப்பாட்டைத் திரும்ப ஆரம்பியுங்கள்.

குறைக்க வேண்டியது நாளுக்கு 300 கலோரி போலத்தான். சைக்கிளும் சேர்ந்தால் ஆரம்பத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ வீதம் இறங்கும், போகப்போக மெதுவாகும். 300 கலோரியை எங்கே வெட்டுவது என்று நாட்கணக்கில் யோசிக்கத் தேவையில்லை. முதலில் குடிக்கும் இனிப்பைப் பாருங்கள். சர்க்கரை போட்ட டீ, காப்பி, பாட்டில் பானம், ஜூஸ் எதுவும் கலோரிக்கேற்ற மாதிரி வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை. அப்புறம் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, ஊற்றும்போது அளந்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது. மூன்றாவது, பாக்கெட்டைப் பிரித்து அப்படியே தின்னும் பொருட்கள். 2019-ல் கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார். முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மன உறுதி குறைந்ததாலா? அதே ஆட்கள்தானே. கண்ணில் படுகிற பொருளை மாற்றினால் உறுதியைச் சோதிக்க வேண்டிய சந்தர்ப்பமே குறையும்.

கூட்டவேண்டியது புரதமும் காய்கறியும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமலிருக்க, பருப்பு வகை, முட்டை, மீன், கோழி, தயிர் என்று உங்களுக்கு ஒத்து வருகிற ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். தட்டில் பாதி காய்கறி. வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் போன்ற பயிற்சியும் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். சைக்கிளில் உடம்பின் கனத்தைச் சீட் வாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு நல்லது, ஆனால் எலும்புக்கும் மேல் உடம்புக்கும் அதில் வேலை குறைவு.

ஒரு மணி நேரத்துக்குள்ளான ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். கலர் கலரான ஸ்போர்ட்ஸ் பானம் எதற்கும் தேவையில்லை. ஓட்டி முடித்ததும் வழக்கமான காலைச் சாப்பாடு வருகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொண்டால், "ஓட்டினதுக்கு ஒரு பரிசு" என்று தனியாக ஒரு தீனி முளைக்காது. உடம்பெல்லாம் வியர்த்து வழிய வேண்டும் என்று பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வியர்வையில் போவது தண்ணீர்தான். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது, மீதிதான் தண்ணீராகிறது என்று 2014-ல் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

எடை மெஷினைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சாப்பாட்டு மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்க்க அது வேண்டும். காலையில் கழிப்பறை போய்விட்டு வந்ததும் பாருங்கள், வாரத்தின் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு. நாலு வாரம் சராசரி இறங்கவே இல்லை என்றால் சாப்பாட்டில் இன்னும் ஒரு இடத்தைப் பாருங்கள். சைக்கிள் நேரத்தை இரட்டிப்பாக்காதீர்கள். 100 கிலோவைச் சுற்றி இருப்பவருக்கு 5 கிலோ, 7 கிலோ குறைவதே உடம்புக்குள் பெரிய விஷயம். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து நடந்து 2002-ல் முடிவு வெளியான ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்குகளோடு வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. எடை குறைந்தபின் அது திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதில்தான் உடற்பயிற்சியின் கை ஓங்குகிறது. அதனால்தான் இப்போதே அதன்மேல் வெறுப்பு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். முக்கியமாக இரத்த அழுத்தமோ நெஞ்சுவலியோ இருந்தால், அல்லது இன்சுலின் போன்ற சர்க்கரை மருந்து எடுத்துக்கொண்டால். சாப்பாடும் உழைப்பும் மாறும்போது மருந்தின் அளவும் மாறவேண்டி வரலாம். ஓட்டும்போது நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அப்படியே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

ரோட்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சமும் சிலருக்கு இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஆரம்பியுங்கள். ஒரு துணை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் உங்களைவிட வேகமான ஆளோடு போகாதீர்கள். அவர் காத்திருப்பார், நீங்கள் இளைத்துக்கொண்டு போவீர்கள், இருவருக்கும் அலுத்துவிடும்.

கடைசியாக அந்த விலை கூடிய சைக்கிள். இப்போது வாங்காதீர்கள். புதுப் பொருளின் ஆசை ஒரு மாதம் இழுக்கும், சீட் உயரம் சரியில்லை என்றால் அதிலும் இதே முட்டிதான் வலிக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் சைக்கிள் எவ்வளவு எடை தாங்கும் என்று அதன் கையேட்டில் இருக்கும். பல மாடல்களுக்கு 100-லிருந்து 120 கிலோதான் வரம்பு, சிலவற்றில் சைக்கிளின் எடையும் அதற்குள் அடக்கம். தாண்டினால் பின் சக்கரத்துக் கம்பிகள்தான் முதலில் அறுந்து சொல்லும். அப்படியென்றால் 36 கம்பி உள்ள கெட்டியான பின் சக்கரமும் கொஞ்சம் அகலமான டயரும் மாற்றிக்கொள்ள முடியுமா, ஃப்ரேம் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வரம்புக்குள் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். மூன்று மாதம் நின்ற வண்டி என்பதால் காற்று இறங்கியிருக்கும், செயின் காய்ந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் அதிகபட்சக் காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும், உங்கள் எடைக்கு அதற்குச் சற்றுக் கீழே வரை அடிக்கலாம். செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரேக்கை அமுக்கிப் பாருங்கள், சீட்டைச் சொன்ன உயரத்துக்கு ஏற்றுங்கள். இன்றைக்கு அவ்வளவு போதும், ஓட்ட வேண்டாம். சீட் மாற்றியபின் முட்டி எப்படி இருக்கிறது, வலி முன்பக்கமா பின்பக்கமா என்று இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.